சர்வீஸில் வேகம் இல்லை... ஆனாலும் விம்பிள்டன் அரையிறுதி!



குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பிக்கும் நாளுக்கும், லண்டனில் விம்பிள்டன் ஆரம்பிக்கும் நாளுக்கும் அதிக இடைவெளி கிடையாது. ஜூன் கடைசி வந்துவிட்டால் நம்ம பசங்களில் பாதிப் பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் டீக்கடை பெஞ்சில் ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்து மேட்ச் பார்ப்போம். அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டு இருந்தபோது ஒருவன் கேட்டான்: "ஏலே, நம்ம பக்கத்து ஆளு எவனாவது இந்தப் புல்தரையில ஆடியிருக்கானா?"

"நம்ம பக்கமா? சிவகிரியில டென்னிஸ் கோர்ட்ட நான் கண்ணால கூட பாத்ததில்லல!" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தோம்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் சிரிக்கவில்லை. "தம்பிகளா, தென்காசிக்காரரு ரெண்டு தடவ அங்க செமி ஃபைனல் ஆடியிருக்காருப்பா. ராமநாதன் கிருஷ்ணன்னு கேள்விப்பட்டதே இல்லையா?" என்றார். எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. அன்று தேட ஆரம்பித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

தேடிப் படித்ததில் என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் வாங்கிய கோப்பைகள் அல்ல. அந்த மனுஷருக்கு வேகமான சர்வீஸ் கிடையாது! டென்னிஸில் அது எவ்வளவு பெரிய குறை என்று ஆட்டம் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம்ம பாஷையில் சொன்னால், லேத்தில் சின்ன மோட்டார் மாட்டியிருப்பது மாதிரி. அந்தச் சின்ன மோட்டாரை வைத்துக்கொண்டு ஒருவர் உலகத்தின் முதல் நான்கு பேரில் ஒருவராக இரண்டு முறை வந்து நின்றார். எப்படி? அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

வீட்டிலேயே வாத்தியார்

சிவகிரியில் பஸ் ஏறினால் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசி. அந்த ஊர்க் குடும்பம்தான் கிருஷ்ணனுடையது. பிறந்தது நாகர்கோவிலில், 1937 ஏப்ரல் 11 அன்று. அப்பா டி.கே. ராமநாதன் தானே நல்ல டென்னிஸ் ஆட்டக்காரர். மகனுக்கு முதல் வாத்தியாரும் அவர்தான்.

1951ல் ஒரு சம்பவம். சென்னை லயோலா கல்லூரியின் பெர்ட்ரம் போட்டி கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் உள்ளது. கிருஷ்ணன் அப்போது பள்ளிக்கூடப் பையன். தனி அனுமதி வாங்கிக்கொண்டு களத்தில் இறங்கினார். தன்னைவிட மூத்த, தன்னைவிட உயரமான அண்ணன்களை ஒவ்வொருவராகத் தோற்கடித்துப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்!

மூன்றே வருடத்தில், 1954ல், விம்பிள்டன் ஜூனியர் பட்டம். இறுதியில் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர். இந்தக் கூப்பர் லேசுப்பட்ட ஆள் இல்லை, 1958ல் பெரியவர்கள் பிரிவிலேயே விம்பிள்டன் சாம்பியன் ஆனவர். அந்த ஜூனியர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் நம்ம கிருஷ்ணன். வயது 17. நம்மில் பலர் டிப்ளமோ முதலாமாண்டு முடிக்கிற வயது!

இரண்டு அரையிறுதிகள்

1959ல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ராட் லேவரைத் தோற்கடித்தார். லேவர் அந்த வருடம் விம்பிள்டன் இறுதிவரை வந்தவர்.

1960 விம்பிள்டன். கிருஷ்ணனுக்கு சீடிங் 7. (சீடிங் என்றால் பலசாலிகள் ஆரம்பத்திலேயே ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளாமல் இருக்கப் போட்டி நடத்துபவர்கள் போடும் வரிசை.) கால் இறுதியில் சிலி நாட்டின் லூயிஸ் அயாலாவை வென்று அரையிறுதிக்கு வந்தார். ஒற்றையர் பிரிவில் அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அங்கே ஆஸ்திரேலியாவின் நீல் ஃப்ரேசரிடம் தோல்வி. அந்த வருட சாம்பியனே ஃப்ரேசர்தான்.

1961ல் மறுபடியும். கால் இறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று நேர் செட்டில் வீழ்த்தினார். எமர்சன் தன் வாழ்நாளில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் மட்டும் 12 வென்றவர். அவரை இப்படிச் சாய்ப்பது சாதாரண விஷயமா? அரையிறுதியில் எதிரே வந்தவர் ராட் லேவர். இந்த முறை லேவர் ஜெயித்தார், கோப்பையையும் எடுத்துக்கொண்டார்.

1962ல் கிருஷ்ணனுக்கு சீடிங் 4. அவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் இதுதான். ஆனால் கணுக்கால் காயம் குறுக்கே வந்து பாதியிலேயே விலக வேண்டியதாயிற்று. அவருக்குப் பிறகு விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் ஆகியோர் கால் இறுதிவரை வந்தார்கள். ஆண்கள் ஒற்றையரில் அரையிறுதிவரை போன இந்தியர் என்றால் இன்றைக்கும் அந்த ஒரே பெயர்தான்.

வேகம் இல்லாதவர் எப்படி ஜெயிக்கிறார்?

இங்கேதான் நம்ம டெக்னிக்கல் மூளைக்கு வேலை.

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி, அதாவது 23.77 மீட்டர். நடுவில் வலை. வலையின் நடு உயரம் 3 அடி. ஒவ்வொரு பாயிண்ட்டும் சர்வீஸில் தொடங்கும். சர்வீஸ் ஒன்றுதான் எதிராளியின் தொந்தரவே இல்லாமல் நம் இஷ்டத்துக்கு அடிக்கிற அடி. வேகமாக அடிக்கத் தெரிந்தவனுக்கு அதிலேயே பாதிப் பாயிண்ட் ஓசியில் கிடைத்துவிடும். புல்தரையில் பந்து தாழ்வாகச் சறுக்கிப் போகும் என்பதால் இன்னும் லாபம். கிருஷ்ணனுக்கு அந்த ஓசி லாபம் இல்லை. ஒவ்வொரு பாயிண்ட்டையும் வேலை செய்துதான் சம்பாதிக்கணும்.

அவர் கையில் இருந்தது வேறு சரக்கு. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணிக்கிற கண். எந்த மூலைக்கு வேண்டுமானாலும் பந்தைத் திருப்பி வைக்கிற மணிக்கட்டு. அதைவிட முக்கியம், 'ஹாஃப் வாலி' என்கிற அடி. பந்து தரையில் குத்தி எழும்பி வரும்வரை காத்திருக்காமல், குத்திய அடுத்த கணமே, அது கணுக்கால் உயரத்தில் இருக்கும்போதே வாங்கி அனுப்புவது. ரொம்பக் கஷ்டமான அடி. கொஞ்சம் நேரம் தவறினால் பந்து வலையில் போய் விழும்.

இதனால் என்ன லாபம்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் கால்குலேட்டர் வேண்டாம்.

பந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது, அதே வேகத்தில் திரும்பிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் நிற்கும் இடத்தைவிட 2 மீட்டர் முன்னால் நின்று அதை வாங்குகிறோம். பந்து நம்மிடம் வர 2 மீட்டர் குறைவு, 0.1 விநாடி மிச்சம். திரும்பிப் போகவும் 2 மீட்டர் குறைவு, இன்னொரு 0.1 விநாடி மிச்சம். ஆகமொத்தம் 0.2 விநாடி.

"பூ, இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். எதிராளி விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறவன் என்றால், இந்த 0.2 விநாடியில் அவன் ஓடியிருக்க வேண்டிய தூரம் ஒரு மீட்டர். அதாவது பந்து போய்ச் சேரும்போது அவன் ஒரு மீட்டர் தள்ளி நிற்பான்! நாம் பந்தை வேகமாக அடிக்கவே இல்லை. அவனுடைய நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். கையில் பலம் இல்லாத ஆள் எதிராளியின் கடிகாரத்தில் கை வைக்கிற வித்தை இது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து மட்டை மரத்தால் ஆனது. மெல்லிய மரப் பட்டைகளை அடுக்கிப் பசை போட்டு வளைத்துச் செய்வார்கள். ஈரம் பட்டால் கோணிக்கொள்ளும். அதனால் ஆடி முடித்ததும் ஒரு மரச் சட்டத்துக்குள் வைத்துத் திருகு போட்டு இறுக்கி வைப்பார்கள். நம்ம ஒர்க்‌ஷாப் கிளாம்ப் மாதிரிதான். மட்டையின் தலைப் பரப்பு சுமார் 65 சதுர அங்குலம். இன்றைய கிராஃபைட் மட்டைகளுக்கு 95, 100 என்று இருக்கிறது. இப்போது கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் பந்து போய்விடும். அன்று நட்ட நடுவில் பட்டால்தான் உண்டு. அந்த மட்டையில் ஹாஃப் வாலி என்றால், மைக்ரோமீட்டர் துல்லியம் என்றே சொல்லலாம்.

ஏழு லட்ச ரூபாய்

1959ல் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஒரு அழைப்பு வந்தது. அதைப் புரிந்துகொள்ள அன்றைய டென்னிஸ் உலகத்தின் ஏற்பாடு தெரிய வேண்டும்.

1968க்கு முன்னால் ஆட்டக்காரர்கள் இரண்டு சாதி. ஒன்று அமெச்சூர். விம்பிள்டன், டேவிஸ் கோப்பை எல்லாம் இவர்களுக்குத்தான். பரிசுப் பணம் கிடையாது. கோப்பை, கைதட்டல், வழிச்செலவு அவ்வளவே. இன்னொன்று புரொஃபஷனல். அமெரிக்காவின் ஜாக் கிராமர் மாதிரியானவர்கள் ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் போட்டுக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காட்சிப் போட்டி நடத்துவார்கள். காசு வரும். ஆனால் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்விட்டால் விம்பிள்டன் கதவும் டேவிஸ் கோப்பைக் கதவும் மூடிவிடும். நாட்டுக்காக ஆடவே முடியாது.

அந்த கிராமர்தான் கிருஷ்ணனை அழைத்தார். மூன்று வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் உத்தரவாதம்! அன்றைய மாற்று விகிதம் ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. பெருக்கிப் பாருங்கள், ஏழு லட்சத்துக்கு மேல் வரும். 1959ல் ஏழு லட்சம்! கிருஷ்ணன் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்.

நான் இதை ஹாஸ்டலில் சொன்னபோது ஒரு பெரிய விவாதமே நடந்தது. "வெவரமில்லாத மனுசன்ல" என்றான் ஒருவன். "குடும்பத்த நெனச்சுப் பாக்க வேண்டாமா? அம்புட்டு ரூவாய எவம் விடுவான்?" என்று கேட்டான் இன்னொருவன். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. நம்மில் பலருக்கு முதல் சம்பளம் எப்போது வரும் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள். காசு வேண்டாம் என்று சொல்வது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. முடியாதவனைக் குறை சொல்லவும் கூடாது.

ஆனால் அவர் 'சரி' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 1960 அரையிறுதி இல்லை. 1961 அரையிறுதி இல்லை. இனிமேல் சொல்லப்போகிற 1966ம் இல்லை.

2-5லிருந்து...

டேவிஸ் கோப்பை என்பது நாட்டுக்கு நாடு மோதும் போட்டி. அப்போதெல்லாம் ஒரு மோதலில் ஐந்து ஆட்டம். நான்கு ஒற்றையர், ஒரு இரட்டையர். மூன்று ஜெயித்தால் நாடு ஜெயித்தது. முந்தைய வருட சாம்பியன் நாடு ஹாயாகக் காத்திருக்கும். மற்ற நாடுகள் எல்லாம் அடித்துப் பிடித்து, கடைசியில் மிஞ்சுகிற ஒரு நாடு அதனோடு இறுதிப் போட்டியில் மோதும்.

1966ல் அந்த இடத்துக்குப் போக இந்தியா பிரேசிலைத் தாண்ட வேண்டியிருந்தது. இடம் கல்கத்தா. இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணன், எதிரே தாமஸ் காக். கிருஷ்ணனுக்கு வயது 29, காக் இளைஞர்.

முதல் செட் 3-6, போச்சு. இரண்டாவது 6-4, வந்தது. மூன்றாவது 10-12, போச்சு. (அப்போது டை பிரேக்கர் என்பது கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்கணும்.) நான்காவது செட்டில் 2-5. இன்னும் ஒரே ஒரு கேம் காக் எடுத்தால் கதை முடிந்தது. கூட்டத்தில் எத்தனை பேர் எழுந்து செருப்பை மாட்டியிருப்பார்களோ!

அங்கிருந்து கிருஷ்ணன் தொடர்ச்சியாக ஐந்து கேம் எடுத்தார். செட் 7-5. அடுத்த செட் 6-2. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது!

யோசித்துப் பாருங்கள். 2-5ல் பின்தங்கி நிற்கும்போது அவரிடம் திடீரென்று வேகமான சர்வீஸ் வந்துவிடவில்லை. முதல் கேமில் எதை வைத்து ஆடினாரோ அதே கண், அதே மணிக்கட்டு, அதே ஹாஃப் வாலி. தெரிந்த வேலையையே, பதறாமல், ஒவ்வொரு பாயிண்ட்டாகச் செய்தார்.

அந்த டிசம்பரில் மெல்போர்னில் இறுதி. ஆஸ்திரேலியா 4-1 என்று ஜெயித்தது. அந்த ஒன்றை இந்தியாவுக்கு வாங்கித் தந்தது இரட்டையர் ஆட்டம். கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியாவும் சேர்ந்து ஜான் நியூகோம்ப் - டோனி ரோச் ஜோடியைத் தோற்கடித்தார்கள். அது 1965ல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற ஜோடி!

அப்பாவைப் போலவே மகன்

1960களின் கடைசியில் கிருஷ்ணன் பெரிய போட்டிகளிலிருந்து ஒதுங்கினார். அதற்குள் தேசிய சாம்பியன் பட்டம் எட்டு முறை, 1961ல் அர்ஜுனா விருது, 1962ல் பத்மஸ்ரீ, 1967ல் பத்மபூஷண். பின்னாளில் சென்னையில் சமையல் எரிவாயு ஏஜென்சி நடத்தினார். உலகம் சுற்றிய மனுஷர் ஊரில் சிலிண்டர் வியாபாரம் பார்த்தார் என்றால், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆட்டத்தில் காசு பார்க்காதவர் உழைத்துச் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

1968ல் அமெச்சூர், புரொஃபஷனல் என்ற பிரிவை நீக்கி, விம்பிள்டனிலேயே பரிசுப் பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவருக்கு அப்போது 31 வயது. காலம் கொஞ்சம் தாமதமாக வந்தது!

ஆனால் மகன் ரமேஷ் அந்தப் புதிய காலத்தில் ஆடினார். தாத்தா டி.கே. ராமநாதனும் அப்பாவும் பழக்கிய பையன். 1979ல் அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டம்! அப்பா வாங்கி 25 வருடம் கழித்து மகன். அவருக்கும் சர்வீஸில் வேகம் இல்லை, அவருக்கும் அதே மென்மையான கை. 1986ல் விம்பிள்டன் கால் இறுதி, 1987ல் இந்தியாவோடு டேவிஸ் கோப்பை இறுதி. 1989 ஆஸ்திரேலிய ஓபனில், உலகின் முதலிட ஆட்டக்காரரான மாட்ஸ் விலாண்டரையே தோற்கடித்தார். தென்காசிச் சரக்கு இரண்டாம் தலைமுறையிலும் செல்லுபடியானது.

கடைசியாக ஒரு வார்த்தை

'குறையே ஒரு வரம்' என்று அடித்து விட எனக்கு மனம் இல்லை. குறை குறைதான். ஃப்ரேசரும் லேவரும் பலத்தாலும் வேகத்தாலும் ஆடியபோது அரையிறுதியோடு அவர் கதை முடிந்தது. வேகமான சர்வீஸ் ஒன்று இருந்திருந்தால் கோப்பையே வந்திருக்குமோ என்னவோ.

ஆனால் இல்லாததை நினைத்து அவர் உட்கார்ந்திருக்கவில்லை. இருக்கிற கண்ணையும் கையையும் தீட்டினார். இரண்டு மீட்டர் முன்னால் வந்து நின்றார். அந்த இரண்டு மீட்டர்தான் அவரைத் தென்காசியிலிருந்து அத்தனை தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நண்பர்களே, நாளைக்கு இன்டர்வியூ வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் பெரிய ஊர்க் கல்லூரிப் பையன் இங்கிலீஷில் பொளந்து கட்டுவான். அது அவன் சர்வீஸ். அடிக்கட்டும். நம்ம கையில் என்ன இருக்கிறது? ஃபைல் பிடித்த கை, லேத்தில் நின்ற கால், அரியர் எழுதி எழுதியே பாடம் பண்ணிய மூளை. பந்து குத்தி எழும்பி வரட்டும் என்று பின்னால் நிற்காமல், ஒரு எட்டு முன்னால் வைத்து வாங்குவோம்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் தென்காசியைத் தாண்டும்போது கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுவோம் அல்லவா? அப்படியே இந்த ஊர்க்காரர் ஒருவர் விம்பிள்டனில் ஆடினார் என்பதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்.



- மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை